மைட்ரல் வால்வு கசிவுக்கு நெஞ்சைத் திறக்காத சிகிச்சை: கிளிப் பொருத்தும் முறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எக்கோ அறிக்கையில் ‘சிவியர் எம்.ஆர்.’ (கடுமையான மைட்ரல் வால்வுக் கசிவு) என்று எழுதி வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் “ஆபரேஷன் இல்லாமல் சரிசெய்ய முடியுமா?” என்பதாகவே இருக்கிறது. கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு முன்னால் கேட்டுத் தெளிய வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: இந்த வால்வு ஏன் கசிகிறது? தொடை இடுக்கிலுள்ள சிரை வழியாகக் குழாய் செலுத்தி, வால்வின் இரண்டு இதழ்களையும் கிளிப்பால் சேர்த்துப் பிடிக்கும் சிகிச்சை ஒருவரை மீண்டும் படியேற வைப்பதும், இன்னொருவருக்குப் பெருஞ்செலவுக்குப் பிறகும் பலனின்றிப் போவதும் பெரும்பாலும் அந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்தே அமைகின்றன. இந்த வழிகாட்டி நோயாளியும் குடும்பத்தினரும் எதை எந்த வரிசையில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்கிறது. மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்லும் முடிவுக்கு இது மாற்று ஆகாது.

வால்வும் அதன் கசிவும்

நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் இதயத்தின் இடது மேலறையில் சேர்ந்து, இடது கீழறைக்கு இறங்கி, அங்கிருந்து பெருந்தமனி வழியாக உடலெங்கும் செல்கிறது. இந்த இரண்டு அறைகளுக்கும் நடுவில் இரட்டைக் கதவு போல அமைந்திருப்பது மைட்ரல் வால்வு. முன்னிதழ், பின்னிதழ் என்ற அதன் இரண்டு இதழ்களின் ஓரங்களையும் மெல்லிய நாண்கள் கீழறைச் சுவரிலுள்ள தசைத் தூண்களோடு கட்டி வைத்திருக்கின்றன. கீழறை சுருங்கும்போது இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று நன்றாகப் படிந்து மூட வேண்டும். இதழ், நாண், தசைத் தூண், இதழ்கள் பொருந்தியிருக்கும் வளையம், கீழறைச் சுவர் ஆகியவற்றுள் எது கெட்டாலும் வால்வு சரியாக மூடாது. பெருந்தமனிக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பகுதி மேலறைக்கே திரும்பிவிடும்.

திரும்பிய ரத்தத்தின் அழுத்தம் மேலறையிலிருந்து நுரையீரலுக்குப் பரவுவதால்தான் படியேறினால் மூச்சு வாங்குகிறது, மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, நடு இரவில் திணறி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. கால் வீக்கம், படபடப்பு, அளவுக்கு மீறிய களைப்பு ஆகியவையும் சேரலாம். கசிவு மெதுவாக வளரும்போது இதயம் தன்னைப் பெரிதாக்கிக்கொண்டு பல ஆண்டுகள் சமாளித்துவிடும். நோயாளியும் வயதாகிவிட்டது என்று எண்ணி நடையைக் குறைத்துக்கொண்டு, தனக்குத் தொந்தரவே இல்லை என்பார். போன ஆண்டு செய்த எந்த வேலையை இப்போது செய்வதில்லை என்று மருத்துவர் கேட்டால், மறைக்காமல் விடை சொல்ல வேண்டும். சிகிச்சையின் காலத்தை முடிவு செய்வதில் அந்த விடைக்கு எந்தப் பரிசோதனைக்கும் குறையாத இடம் இருக்கிறது.

முதல் படி: கசிவின் காரணத்தை அறிதல்

மருத்துவர்கள் கசிவை இரண்டு பெரும் வகைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் வகையில் கோளாறு வால்விலேயே இருக்கிறது. இதழ் தளர்ந்து மேலறைப் பக்கம் பிதுங்கியிருக்கலாம், நாண் அறுந்து இதழின் ஒரு பகுதி கட்டற்று ஆடலாம், கிருமித் தொற்று இதழை அரித்திருக்கலாம். இரண்டாம் வகையில் இதழ்கள் பெரும்பாலும் நல்ல நிலையில் இருந்தும் இதயத் தசை கெட்டிருக்கிறது. மாரடைப்புக்குப் பிறகோ, தசை பலவீனமாகிக் கீழறை விரிந்துபோனதாலோ, தசைத் தூண்கள் விலகி நாண்களை இழுத்துப் பிடிக்க, இதழ்கள் நடுவில் சந்திக்க முடியாமல் நிற்கின்றன. ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்னும் ஒழுங்கற்ற துடிப்பு நெடுநாள் நீடித்து, மேலறையும் வளையமும் விரிந்து ஏற்படும் கசிவும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே.

நம் நாட்டில் மூன்றாவது ஒரு கூட்டத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். சிறு வயதில் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றி, அதன் விளைவாக ருமாட்டிக் காய்ச்சல் வந்து, வால்வு பழுதானவர்கள் இவர்கள். இவர்களின் இதழ்கள் தடித்துச் சுருங்கியிருக்கும். நாண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குட்டையாகியிருக்கும். பலருக்குக் கசிவோடு வால்வுச் சுருக்கமும் இருக்கும். ஏற்கெனவே குறுகிய வாயை நடுவில் கிளிப் போட்டு இன்னும் குறுக்கினால் ரத்தம் இறங்க வழியிருக்காது. ஆகவே ருமாட்டிக் வால்வுக்குக் கிளிப் பொதுவாகப் பொருந்தாது. வால்வை அறுவை மூலம் சரிசெய்வதோ மாற்றுவதோதான் அவர்களுக்கான வழி. கருத்தரிக்கும் வயதுப் பெண்ணாக இருந்தால் எந்த வகைச் செயற்கை வால்வு என்பதை அறுவைக்கு முன்பே விரிவாகப் பேசிவிட வேண்டும்.

இங்கே அடிக்கடி ஒரு குழப்பம் நேர்கிறது. உறவினர் ஒருவருக்கு பலூன் வைத்தே வால்வு சரியாகிவிட்டதே, நமக்கு ஏன் முடியாது என்று கேட்பவர்கள் பலர். ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே 1984இல் உலகுக்கு அறிமுகப்படுத்திய அந்த பலூன் சிகிச்சை, ஒட்டிப்போன இதழ்களைப் பிரித்து, சுருங்கிய வால்வை விரிப்பதற்கானது. கணிசமாகக் கசியும் வால்வில் அதைச் செய்தால் கசிவு கூடும்.

இரண்டாம் படி: எக்கோ அறிக்கையை வாசித்தல்

கசிவு கடுமையானதா என்பதை ஒரே ஓர் எண்ணை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. இருந்தாலும் அறிக்கையில் நான்கு இடங்களைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ஈ.ஆர்.ஓ.ஏ. என்பது கசியும் துளையின் பரப்பு, அது 0.4 சதுர செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் கடுமையான கசிவு. ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பும் ரத்தம் 60 மி.லி.க்குக் குறையாமல் இருப்பதும், கீழறை வெளியேற்றும் ரத்தத்தில் பாதியோ அதற்கு மேலோ திரும்பிவிடுவதும் அதே பொருளைத் தருகின்றன. அடுத்தது, கீழறை முழுதாகச் சுருங்கிய நிலையில் அதன் விட்டம்.

நான்காவதான இ.எஃப். என்னும் எண்தான் பலரை ஏமாற்றுவது. கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதே இ.எஃப். அந்த ரத்தம் முன்னால் போனதா, பின்னால் திரும்பியதா என்று அந்த எண் பார்ப்பதில்லை. மேலறை பக்கம் எளிதாகத் தள்ளிவிட ஒரு வழி கிடைத்திருப்பதால், தளரத் தொடங்கிய தசைகூட நல்ல இ.எஃப். காட்டும். வால்வின் கோளாறால் கடுமையான கசிவு உள்ள ஒருவருக்கு இ.எஃப். 60 சதவீதம் என்றால் வீட்டில் நிம்மதி அடைகிறார்கள். இதய மருத்துவர் அப்போதுதான் கவலைப்படத் தொடங்குகிறார். இந்த முதல் வகைக் கசிவில் அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலும், இ.எஃப். 60 சதவீதமாகவோ அதற்குக் கீழாகவோ இறங்கினாலும், சுருங்கிய நிலையில் கீழறை விட்டம் 40 மி.மீ.ஐ எட்டினாலும் அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது என்று சர்வதேச வழிகாட்டு நெறிகள் சொல்வதற்குக் காரணம் இதுவே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கசிவின் அளவு அன்றைய ரத்த அழுத்தத்துக்கும் உடலில் தேங்கிய நீருக்கும் ஏற்ப மாறும். மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்ட அன்று எடுத்த எக்கோ, இரண்டாம் வகைக் கசிவை மிகையாகக் காட்டக்கூடும். மயக்க மருந்தில் ரத்த அழுத்தம் குறைந்திருக்கும்போது எடுத்தால் கசிவு குறைவாகத் தெரியும். எனவே முடிவெடுப்பதற்கான எக்கோவை நீர் வற்றி, அழுத்தம் சீராகி, நோயாளி நிதானமாக இருக்கும் நாளில் எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

மூன்றாம் படி: மருந்துக்கு உரிய காலம் கொடுத்தல்

இந்தப் படி இரண்டாம் வகைக் கசிவுக்கு மட்டுமே உரியது. அறுந்த நாணை எந்த மாத்திரையும் ஒட்டவைக்காது. அங்கே மருந்தில் காலம் கடத்துவது தீங்கு.

தசைக் கோளாறால் வரும் கசிவில் நிலைமை வேறு. பீட்டா பிளாக்கர், சாகுபிட்ரில்-வால்சார்ட்டான், ஸ்பைரோனோலாக்டோன் வகை, டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் என்று இன்று நான்கு வகை மருந்துகள் இதயச் செயலிழப்புக்கு அடிப்படையாக உள்ளன. இவற்றைச் சிறு அளவில் தொடங்கி, ரத்த அழுத்தம், சிறுநீரகச் செயல்பாடு, பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்த்துப் பார்த்துச் சில வாரங்களில் உயர்த்துவார்கள். இடது கிளை மின்தடை (இடது கீழறைக்கு மின்துடிப்பு செல்லும் பாதையில் தடை) உள்ளவர்களுக்கு, கீழறையின் சுவர்களைச் சேர்ந்து துடிக்கவைக்கும் சி.ஆர்.டி. வகை பேஸ்மேக்கர் பொருத்தினால் பயன் கிடைக்கும். ரத்தக்குழாய் அடைப்பு இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். கீழறை சற்றே சுருங்கினாலும் தசைத் தூண்கள் நெருங்கிவந்து சிலருக்குக் கசிவு தானாகவே குறைந்துவிடும். இத்தனையும் செய்து சில மாதங்கள் கழித்து எடுத்த எக்கோவிலும் கசிவு கடுமையாக இருந்தால் கிளிப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது எனலாம். மருந்தைச் சரியாகக் கூட்டிப் பார்க்காமலேயே கிளிப்புக்குத் தேதி குறிக்கும் இடத்தில் இரண்டாவது கருத்து கேட்பது நல்லது என்பது என் எண்ணம்.

நான்காம் படி: எந்த வழி

விளம்பரங்களில் வரும் ‘சிறுதுளை சிகிச்சை’ என்ற சொல் இரண்டு வெவ்வேறு காரியங்களைக் குறிக்கிறது என்பதால் முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, சிறுவெட்டு அறுவை. நெஞ்செலும்பைப் பிளக்காமல், வலப்பக்க விலா எலும்புகளுக்கு இடையே சில சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, கேமரா துணையோடு வால்வைச் சரிசெய்வார்கள். வெட்டு சிறியதாக இருந்தாலும் இது முழுமையான இதய அறுவைதான். தொடைப் பக்க ரத்தநாளங்கள் வழியாக இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, பொதுவாக இதயத்தை நிறுத்தியே செய்கிறார்கள். மற்றொன்று, துடிக்கும் இதயத்தில் குழாய் வழியாகக் கிளிப் பொருத்துவது. இதில் இயந்திரம் தேவையில்லை.

கிளிப்பின் கரு அறுவைக் கூடத்தில்தான் பிறந்தது. 1990களின் தொடக்கத்தில் இத்தாலிய அறுவை மருத்துவர் ஒட்டாவியோ அல்ஃபியேரி, கசியும் இடத்தில் இரண்டு இதழ்களின் ஓரங்களையும் சேர்த்து ஒரு தையல் போட்டார். வால்வின் வாய் நடுவில் ஒட்டி, இருபுறமும் இரண்டு வாய்களாகத் திறந்தது, கசிவு அடங்கியது. அந்தத் தையலைக் குழாய் வழியாகப் போட முடியுமா என்ற தேடலில் அமெரிக்காவின் ஈவால்வ் நிறுவனம் உருவாக்கியதே மைட்ராகிளிப். 2003இல் வெனிசுவேலாவின் காரகாஸ் நகரில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. ஐரோப்பாவில் 2008இலும் அமெரிக்காவில் 2013இலும் அனுமதி கிடைத்தது. இரண்டுக்கும் இடையே, 2009இல், நடிகை எலிசபெத் டெய்லர் தம் கசியும் வால்வுக்கு இப்படியொரு கிளிப் பொருத்திக்கொள்ளப் போவதை ட்விட்டரில் தாமே அறிவித்தது உலகெங்கும் செய்தியானது. இன்று எட்வர்ட்ஸ் நிறுவனத்தின் பாஸ்கல் என்ற கருவியும் இதே வேலையைச் செய்கிறது.

இனி எது யாருக்கு? வால்வே கெட்டிருக்கும் முதல் வகையில், அறுவையைத் தாங்கும் உடல்நிலை உள்ளவருக்கு அறுவை மூலம் வால்வைச் சரிசெய்வதே முதல் தேர்வு. 2011இல் வெளியான எவரெஸ்ட் இரண்டாம் ஆய்வு 279 பேரிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் மரணமோ, வால்வுக்கு மறு அறுவையோ, பெருங்கசிவோ இல்லாமல் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 73 சதவீதம், கிளிப் பிரிவில் 55 சதவீதம். முதல் 30 நாட்களின் பெருந்தொல்லைகளோ கிளிப்பில் 15 சதவீதமும் அறுவையில் 48 சதவீதமுமாக இருந்தன. அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி ரத்தம் ஏற்றியதால் வந்தது. கிளிப்புகளும் கைத்திறனும் அதன்பின் மிகவும் முன்னேறியிருந்தாலும், அடிப்படைக் கணக்கு மாறிவிடவில்லை: கிளிப்பில் ஆபத்து குறைவு, கசிவை முழுதாக அடைப்பதில் அறுவை மேல். அதனால்தான் வயது முதிர்ந்தோர், சிறுநீரகமோ நுரையீரலோ கெட்டவர்கள், முன்பே நெஞ்சு திறந்து அறுவை செய்துகொண்டவர்கள் என்று அறுவை ஆபத்தாக உள்ளவர்களுக்குக் கிளிப் பரிந்துரைக்கப்படுகிறது. ஐம்பது வயதில் திடமாக இருப்பவர், வெட்டுக்குப் பயந்து கிளிப்பைக் கேட்பது சரியான பேரம் ஆகாது. கிளிப் போட்ட வால்வைப் பின்னால் அறுவையில் சரிசெய்வது கடினம். பல நேரங்களில் வால்வையே மாற்ற வேண்டிவரும்.

இரண்டாம் வகையில் சான்று வேறு திசையில் நிற்கிறது. 2018இல் இரண்டு ஆய்வுகள் சில வார இடைவெளியில் வெளிவந்து எதிரெதிராகப் பேசின. பிரான்சில் 304 பேரிடம் நடந்த மைட்ரா-எஃப்ஆர் ஆய்வில் கிளிப்பால் மரணமோ மருத்துவமனைச் சேர்க்கையோ குறையவில்லை. 614 பேரிடம் நடந்த கோஆப்ட் ஆய்வில் இரண்டு ஆண்டுகளில் இறந்தவர்கள், மருந்து மட்டும் பெற்றவர்களில் 46.1 சதவீதம், கிளிப்பும் பெற்றவர்களில் 29.1 சதவீதம். ஒரே கருவிக்கு ஏன் இந்த வேறுபாடு என்பதை மருத்துவ உலகம் நீண்ட காலம் விவாதித்தது. பலரும் ஏற்கும் விளக்கம் இது: பிரெஞ்சு ஆய்வில் இருந்தவர்களின் கீழறை மிகவும் விரிந்திருந்தது, கசிவோ ஒப்பளவில் சிறியது, அங்கே நோயின் வேர் தசை, கசிவு அதன் நிழல் மட்டுமே. கோஆப்டில் சேர்க்கப்பட்டவர்களுக்குக் கீழறை அவ்வளவு விரியவில்லை, கசிவு பெரியது, மருந்தும் உச்ச அளவுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டிருந்தது. ஆகவே இ.எஃப். 20 முதல் 50 சதவீதத்துக்குள், சுருங்கிய நிலையில் கீழறை விட்டம் 70 மி.மீ.க்கு மேற்படாமல், நுரையீரல் தமனி அழுத்தம் 70 மி.மீ. பாதரசத்தைத் தாண்டாமல் இருப்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் வந்தது. இத்தகைய நிபந்தனைகளுக்கு உட்பட்டவர்களுக்கு 2025ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டு நெறி மிக உயர்ந்த தரத்துப் பரிந்துரையை வழங்கியிருக்கிறது. அதே கோஆப்ட் ஆய்வில் ஐந்தாண்டு முடிவில் கிளிப் பெற்றவர்களிலும் 57.3 சதவீதத்தினர் இறந்திருந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிளிப் கசிவைக் குறைக்கிறது, ஆயுளைச் சிறிது நீட்டுகிறது, மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடுவதைக் குறைக்கிறது. பழுதான தசை பழுதான தசையாகவே இருக்கிறது.

ஐந்தாம் படி: வால்வு கிளிப்புக்கு இடம் கொடுக்குமா

இதற்கு நெஞ்சின் மேல் கருவி வைத்து எடுக்கும் எக்கோ போதாது. உணவுக்குழாய்க்குள் கருவியை இறக்கி, இதயத்தின் பின்புறமிருந்து பார்க்கும் டி.இ.இ. எக்கோ தேவை. வெறும் வயிற்றில் வர வேண்டும். பல்செட் இருந்தால் கழற்ற வேண்டும். விழுங்குவதில் சிரமம், உணவுக்குழாய் நோய், கல்லீரல் பாதிப்பால் ரத்த வாந்தி எடுத்த அனுபவம் ஏதேனும் இருந்தால் மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும்.

அதில் பார்ப்பவை பல. கசிவு இதழ்களின் நடுப்பகுதியிலிருந்து வந்தால் எளிது. ஓரங்களிலிருந்தோ பல இடங்களிலிருந்தோ வந்தால் கடினம். வால்வு திறந்த நிலையில் பரப்பு 4 சதுர செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால் கிளிப் போட்ட பிறகும் ரத்தம் தடையின்றி இறங்கும். பிடிக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கக் கூடாது. பின்னிதழ் பிடிக்கு எட்டும் அளவு நீளமாக இருக்க வேண்டும். மேலறையில் ரத்தக்கட்டி இருந்தாலோ, வால்வில் கிருமித் தொற்று அடங்காமல் இருந்தாலோ சிகிச்சை நடக்காது. “என் வால்வின் எந்தப் பகுதியில் கசிவு இருக்கிறது, எத்தனை கிளிப் தேவைப்படும் என்று நினைக்கிறீர்கள், எதிர்பார்த்தது நடக்காவிட்டால் அடுத்த வழி என்ன?” என்று கேட்டால், இதய மருத்துவர், அறுவை மருத்துவர், எக்கோ நிபுணர் மூவரும் சேர்ந்து பேசிய இடத்தில் தெளிவான விடை கிடைக்கும்.

ஆறாம் படி: பணமும் முன்னேற்பாடும்

செலவில் பெரும்பங்கு கிளிப்பின் விலைதான். எத்தனை கிளிப் என்பது மேசையில்தான் உறுதியாகும் என்பதால், ஒரு கிளிப்புக்கு எவ்வளவு, இரண்டு தேவைப்பட்டால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் முன்னனுமதி கேட்கும்போது கருவியின் பெயரையும் குறிப்பிட்டுக் கேட்பது பின்னால் வரும் தகராறைத் தவிர்க்கும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள் மருத்துவமனையில் உள்ள திட்ட அலுவலரிடம் கிளிப்புக்கும் வால்வு அறுவைக்கும் தனித்தனியே கேட்டுப் பார்க்க வேண்டும்.

சிகிச்சைக்கு முன் பல் மருத்துவரிடம் காட்டி, சொத்தைப் பல்லையும் ஈறு சீழையும் சரிசெய்துகொள்வது கட்டாயம் எனலாம். வாயிலுள்ள கிருமி ரத்தத்தில் கலந்தால் புதிய கிளிப்பில் தங்கும். வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடுபவர்கள் அதை எப்போது நிறுத்துவது, நிறுத்துவதா வேண்டாமா என்பதை மருத்துவர் வாய்மொழியாகச் சொன்னாலும் தாளில் எழுதி வாங்குவது நல்லது. சர்க்கரை மாத்திரைக்கும் அப்படியே.

ஏழாம் படி: சிகிச்சை நாள்

ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் அறையில், பெரும்பாலும் முழு மயக்கத்தில் இது நடக்கிறது. நோயாளி உறங்கியதும் டி.இ.இ. கருவியை உணவுக்குழாயில் இறக்கி வைப்பார்கள். இனி நடக்கும் ஒவ்வொன்றுக்கும் கண் அதுதான். எக்ஸ்ரே திரையில் உலோகம் தெரியும், இதழ் தெரியாது.

வலது தொடை இடுக்கின் சிரையில் ஊசி செலுத்தி, கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வலது மேலறையை அடைகிறார்கள். அங்கிருந்து இடது மேலறைக்குப் போக, இரண்டுக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவரில் சிறு துளை இட வேண்டும். சிகிச்சையின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கும் கட்டம் இது. வால்வின் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4 செ.மீ. உயரத்தில், சற்றுப் பின்தள்ளித் துளை அமைந்தால் கருவி நேராக இறங்க இடம் கிடைக்கும்; தாழ்ந்துவிட்டால் பிறகு எவ்வளவு வளைத்தாலும் கிளிப் சரியான கோணத்துக்கு வராது. துளையிடும் முன் ஊசிமுனை சுவரைக் கூடாரம் போல் தள்ளி நிற்பதை எக்கோவில் பார்த்து, இடத்தை அளந்து, தேவையானால் நகர்த்தி மறுபடியும் அளந்த பிறகே குத்துகிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் செலுத்தி, உறைவு நேரம் 250 வினாடிக்கு மேல் இருப்பதை அவ்வப்போது சோதிப்பார்கள்.

அடுத்து ஏறத்தாழ 8 மி.மீ. விட்டமுள்ள வழிகாட்டிக் குழாய் இடது மேலறைக்குள் செல்கிறது. அதன் உள்ளே கிளிப் தாங்கிய குழாய். கோபால்ட்-குரோமியம் உலோகத்தில் செய்து பாலியெஸ்டர் துணி போர்த்திய இந்தக் கிளிப்புக்கு விரியும் இரண்டு கைகள் உண்டு. கைகளை விரித்து, வால்வை மேலிருந்து காட்டும் முப்பரிமாண எக்கோ படத்தில் பார்த்தபடி, இதழ்கள் சந்திக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக நிற்கும்வரை கைப்பிடியைச் சிறிது சிறிதாகத் திருப்புகிறார்கள். பிறகு கீழறைக்குள் இறக்கி, மெல்ல மேலே இழுக்கும்போது, ஆடிக்கொண்டிருக்கும் இரண்டு இதழ்களும் கைகளின் மேல் வந்து அமர வேண்டும். அமர்ந்த கணத்தில் மேலிருந்து பற்றிகள் இறங்கி இதழ்களைப் பிடித்துக்கொள்ள, கிளிப் மூடப்படுகிறது. ஒரு முயற்சியில் கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு மறுபடியும் இறங்குவார்கள்.

கிளிப் மூடியதும் அறையில் எல்லோர் கண்களும் இரண்டு திரைகளுக்குப் போகின்றன. எக்கோவில் மேலறைக்குள் பீறிட்டுக்கொண்டிருந்த வண்ணக் கீற்று சுருங்குகிறதா என்பது ஒன்று. மேலறை அழுத்தத்தைக் காட்டும் கோட்டில், ஒவ்வொரு துடிப்புக்கும் உயர்ந்து எழுந்த அலை தாழ்கிறதா என்பது இன்னொன்று. நன்றாகப் பிடித்த கிளிப்பில் அந்த அலை அந்த இடத்திலேயே பாதியாகக் குறைவதைப் பார்க்கலாம். கூடவே வால்வின் ஊடே சராசரி அழுத்த வேறுபாடு 5 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கிறதா என்றும் அளக்கிறார்கள். அதைத் தாண்டினால் கசிவை விரட்டிச் சுருக்கத்தை வரவழைத்ததாகிவிடும். இதழ்கள் இரண்டும் போதுமான அளவு உள்ளே சிக்கியிருப்பது உறுதியாகும்வரை கிளிப் குழாயிலிருந்து விடுவிக்கப்படுவதில்லை. அதுவரை திறந்து வெளியே எடுத்துவிட முடியும், விடுவித்த பிறகு முடியாது. கசிவு மிச்சமிருந்து, வாயில் இடமும் இருந்தால் இரண்டாவது கிளிப். முழுச் சிகிச்சையும் வழக்கமாக ஒன்று முதல் மூன்று மணி நேரம் பிடிக்கும்.

குழாயை எடுத்தபின் தொடை இடுக்கில் தோலோடு ஒரு தையல் போட்டு, சில மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வைப்பார்கள். உணவுக்குழாய்க் கருவியால் தொண்டை வலி ஓரிரு நாள் இருக்கலாம். மறுநாள் நடக்கவைத்து, எக்கோ எடுத்து, பிரச்சினை இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

தவறக்கூடியவை

கிளிப் ஓர் இதழிலிருந்து நழுவி மற்றொன்றில் மட்டும் தொங்குவது இந்தச் சிகிச்சைக்கே உரிய தொல்லை. கசிவு திரும்பும், பெரும்பாலும் இன்னொரு கிளிப்போ அறுவையோ தேவைப்படும். தொடை இடுக்கில் ரத்தக்கசிவு, இதயத்தைச் சுற்றி ரத்தம் சேர்தல், பக்கவாதம், உணவுக்குழாய்க் காயம் ஆகியவை குறைவாகவே நேர்ந்தாலும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் இவை ஒவ்வொன்றையும் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். தடுப்புச் சுவரில் இட்ட துளை பலருக்குத் தானாக மூடிவிடும் அல்லது தொந்தரவின்றி இருந்துவிடும். மிகச் சிலருக்கே அதை அடைக்க வேண்டிவருகிறது.

எட்டாம் படி: வீடு திரும்பிய பின்

முதல் ஒரு வாரம் பாரம் தூக்குவதும் குந்தி உட்காருவதும் வேண்டாம்; தையல் இடம் புடைத்தாலோ ரத்தம் கசிந்தாலோ விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகள் சில மாதங்களுக்குத் தரப்படலாம். ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் உள்ளவர்களுக்கு ரத்த உறைவுத் தடுப்பு மருந்து தொடரும். இதயச் செயலிழப்பு மருந்துகளைக் கிளிப் போட்டாகிவிட்டது என்று நிறுத்துவது மிகப் பெரிய தவறு. கசிவு குறைந்ததால் ரத்த அழுத்தம் சற்றே உயர்ந்து, முன்பு கூட்ட முடியாத மாத்திரைகளை இப்போதுதான் கூட்ட முடிகிறது. தினமும் காலையில் எடை பார்த்துக் குறித்து வைத்து, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நீர் சேர்கிறது என்று கொண்டு மருத்துவரை அழைக்க வேண்டும். ஒரு மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்று எக்கோ எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

கிளிப்பின் வகையும் எண்ணும் எழுதிய அட்டையைப் பணப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், குறிப்பிட்ட நிபந்தனைகளுக்குள் எடுக்கலாம் என்பதை அங்குள்ளவர்கள் அந்த அட்டையைப் பார்த்தே உறுதிசெய்வார்கள். பல் பிடுங்குவதற்கும் வேர் சிகிச்சைக்கும் முன் ஆன்டிபயாட்டிக் ஒரு வேளை சாப்பிட வேண்டியிருக்கும் என்பதால் பல் மருத்துவரிடமும் கிளிப் இருப்பதைச் சொல்ல வேண்டும். காரணம் தெரியாத காய்ச்சல் இரண்டு மூன்று நாள் நீடித்தால் மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடக் கூடாது. அரைகுறை மருந்து கிருமியை மறைத்துவிடும்; முதலில் ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் கிருமியைத் தேடும் சோதனை) எடுக்கச் சொல்லி, அதன் பிறகே மருந்து தொடங்க வேண்டும்.